மருத்துவ ஆராய்ச்சியும் அறமன்றமும்

புதிய மருந்து ஒன்று மனிதனுக்குப் பயன்படுமா என்பதை அறிய வேண்டுமானால், இறுதியில் அதனை மனிதனுக்கே கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எலியும் முயலும் குரங்கும் ஓரளவுக்குத்தான் வழிகாட்டும். கடைசி அடியை மனித உடலின்மீதே எடுத்து வைத்தாக வேண்டும். இன்று நாம் அச்சமின்றி விழுங்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும், குழந்தையின் கையில் தயக்கமின்றிப் போட்டுவிடும் ஒவ்வொரு தடுப்பூசிக்கும் பின்னால், அதனை முதன்முதலில் ஏற்றுக்கொண்ட சிலர் நிற்கிறார்கள். அவர்களுள் தெரிந்து முன்வந்தவர்களும் உண்டு. தங்களுக்கு என்ன செய்யப்படுகிறது என்பதையே அறியாதிருந்தவர்களும் உண்டு.

ஒருவரை ஆராய்ச்சிக்கு உட்படுத்த இசைவு தரவேண்டியவர் யார்? ஆராய்ச்சி செய்பவரா? அதற்கு உட்படுபவரா? அரசாங்கமா? அல்லது இவர்கள் எல்லோருக்கும் வெளியே நின்று பார்க்கும் வேறு சிலரா? இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் விடை தேடத் தொடங்கிச் சற்றேறக்குறைய 125 ஆண்டுகள்தாம் ஆகின்றன. அந்தத் தேடலின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம். அது முழுவதும் பெருமைக்குரிய வரலாறு என்று சொல்வதற்கில்லை. அதன் படிகளுள் பெரும்பாலானவை யாரோ சிலருடைய துன்பத்திற்குப் பின்னரே கட்டப்பட்டவை.

பழைய காலத்தில் இக்கேள்வியே எழவில்லை. 1796-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள், இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்ற மருத்துவர், தம் தோட்டக்காரரின் மகனான எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுடைய கையைக் கீறி, பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்த மாட்டம்மைப் பாலை அதில் தடவினார். ஆறு வாரங்களுக்குப் பிறகு அதே சிறுவனுக்கு உண்மையான பெரியம்மையின் சீழையே ஏற்றினார். சிறுவனுக்கு நோய் வரவில்லை. உலகம் பெரியம்மையை வெல்வதற்கு வழி பிறந்தது. அந்நாளில் அம்மைச் சீழைக் கீறி வைப்பது பலரும் கையாண்ட வழக்கமே. ஆதலால் ஜென்னரைக் கொடியவர் என்று எவரும் கூறமாட்டார். பின்னாளில் அவர் அந்தச் சிறுவனுக்கு வாடகையின்றிக் குடியிருக்க ஒரு வீடும் கொடுத்தார். ஆயினும் எட்டு வயதுச் சிறுவனால் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா? முதலாளியின் முன்னால் நிற்கும் தோட்டக்காரர்தாம் மறுத்திருக்க முடியுமா? ஜென்னருடைய நல்ல மனம் ஒன்றே அந்தச் சிறுவனுக்கு இருந்த காவல். அடுத்த நூறு ஆண்டுகளிலும் நோயாளிகளுக்கு இருந்த காவல் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்தக் காவல் போதாது என்பதை உலகத்துக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஜெர்மனியில் நடந்தது. ஆல்பர்ட் நைசர் என்பவர் பிரெஸ்லௌ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தோல்நோய்ப் பேராசிரியர். வெட்டைநோயின் கிருமியை 1879-இல் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர். சிபிலிஸ் என்னும் மேகநோய்க்குத் தடுப்பு முறை காண விரும்பிய அவர், அந்நோய் உள்ளவர்களின் இரத்தநீரை எடுத்து, வேறு நோய்களுக்காக மருத்துவமனைக்கு வந்திருந்த பெண்களுக்கு ஊசிமூலம் ஏற்றினார். அப்பெண்களுள் பலர் பொதுமகளிர். அவர்களிடம் செய்தி சொல்லப்படவுமில்லை, சம்மதம் கேட்கப்படவுமில்லை. சிலருக்கு நோய் கண்டது. தம்முடைய ஊசியால் அன்று, அவர்கள் செய்த தொழிலால் வந்த நோய் அது என்று பேராசிரியர் எழுதினார். 1898-இல் அவர் இதனை வெளியிட்டபோது பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. செய்தி பிரஷ்ய நாட்டுச் சட்டமன்றம் வரை சென்றது. மருத்துவப் பேராசிரியர்களுள் பெரும்பாலோர் நைசரின் பக்கமே நின்றார்கள். பெர்லின் நகரத்து மருத்துவர் ஆல்பர்ட் மோல் போன்ற மிகச் சிலரே அவரைக் கண்டித்தார்கள். இறுதியில் ஒழுங்கு நீதிமன்றம் நைசருக்கு அபராதம் விதித்தது. சம்மதம் பெறாததே அவர்மீது கண்ட குற்றம்.

இதன் விளைவாக 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் பிரஷ்ய அமைச்சர் தம் ஆட்சிக்கு உட்பட்ட மருத்துவமனைத் தலைவர்களுக்கு ஓர் ஆணை அனுப்பினார். நோயைத் தீர்க்கும் நோக்கமோ கண்டறியும் நோக்கமோ இல்லாத சோதனை எதனையும் சிறுவர்மீது செய்யலாகாது. நேரக்கூடிய தீங்குகளை எடுத்துரைத்து, ஐயத்திற்கு இடமில்லாத சம்மதம் பெற்ற பின்னரே மற்றவர்மீது செய்யலாம் என்பது அதன் சாரம். சட்டத்தின் வலிமை அதற்கு இல்லை. ஆயினும் மருத்துவ ஆராய்ச்சியில் சம்மதத்தைப் பற்றி ஓர் அரசாங்கம் பிறப்பித்த மிகப் பழைய ஆணைகளுள் அது ஒன்று.

அதே ஆண்டின் இறுதியில் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் கியூபாத் தீவில் வேறொரு காகிதம் எழுதப்பட்டது. மஞ்சள் காய்ச்சல் கொசுவினால் பரவுகிறது என்று கார்லோஸ் பின்லே என்ற கியூப நாட்டு மருத்துவர் 1881-இலேயே கூறியிருந்தார். அதனைச் சோதித்துப் பார்க்க வந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழுவில் ஒருவரான ஜெஸ்ஸி லாசியர், 1900 செப்டம்பரில் அக்காய்ச்சலுக்கே இரையானார். அதன்பின் ரீட், ஸ்பெயின் நாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்திருந்த தொழிலாளரைச் சோதனைக்கு அழைத்தபோது, ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஓர் ஒப்பந்தம் எழுதி அவர்களிடம் கையொப்பம் வாங்கினார். உயிருக்கு ஆபத்து உண்டு என்று அதில் எழுதியிருந்தது. சோதனைக்கு உட்படுவோர்க்குப் பொன்னாக 100 டாலர். காய்ச்சல் கண்டால் மேலும் 100 டாலர்.

அந்தக் காகிதத்தைப் போற்றவும் வேண்டும். கூர்ந்து பார்க்கவும் வேண்டும். உட்படுபவனை ஒரு கட்சிக்காரனாக மதித்து அவன் கையொப்பத்தைக் கேட்டது பெரிய முன்னேற்றம். ஆனால் தீவில் இருக்கும்வரை இக்காய்ச்சலிலிருந்து தப்புவது அரிது, சோதனையில் சேர்ந்தால் நல்ல மருத்துவமாவது கிடைக்கும் என்ற கருத்தும் அதில் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிக் கையில் காசில்லாமல் நிற்கும் ஒருவனுக்கு 100 டாலர் பொன் என்பது கேள்வியா, தூண்டிலா? வறுமையில் இருப்பவன் போடும் கையொப்பம் எந்த அளவுக்கு அவனுடைய சொந்த விருப்பம்? அந்தக் காகிதம் எழுப்பிய இந்த ஐயம் இன்றுவரை தீரவில்லை.

ஜெர்மனிக்கே மீண்டும் வருவோம். 1930-இல் லூபெக் நகரத்தில் பச்சிளங்குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பு மருந்து கொடுத்தபோது, ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த கவனக்குறைவால் அதில் நோய்க்கிருமி கலந்துவிட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மடிந்தன. நாடே கலங்கியது. 1931 பிப்ரவரி 28-ஆம் நாள் ஜெர்மன் உள்துறை அமைச்சகம் புதிய மருத்துவ முறைகளுக்கும் மனிதர்மீது செய்யும் சோதனைகளுக்கும் விரிவான விதிகளை வெளியிட்டது. சம்மதம் வேண்டும், சிறுவர்க்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும், ஒருவருடைய ஏழ்மையைப் பயன்படுத்திக்கொள்வது மருத்துவ அறத்துக்கு முரண் என்றெல்லாம் அவ்விதிகள் கூறின. அக்காலத்தில் வேறு எந்த நாட்டிலும் இத்துணை நுட்பமான விதிகள் இருந்ததாகக் கூறுதல் அரிது.

பின்னர் நடந்ததை உலகம் அறியும். ஹிட்லரின் ஆட்சி 1933-இல் தொடங்கியது. அந்த விதிகள் இருந்த அதே நாட்டில், டாக்காவ் முகாமில் கைதிகளை உறைபனி நீரில் அமிழ்த்தி, எத்தனை நேரத்தில் உயிர் பிரிகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு குறித்தார்கள். ராவென்ஸ்புருக் முகாமில் போலந்து நாட்டுப் பெண்களின் கால்களை வெட்டிப் புண்ணாக்கி, அதில் கிருமிகளை இட்டு மருந்தைச் சோதித்தார்கள். இதனைச் செய்தவர்கள் கல்லாத முரடர்கள் அல்லர். பல்கலைக்கழகப் பட்டமும் பேராசிரியப் பதவியும் பெற்ற மருத்துவர்கள். விதி காகிதத்தில் இருந்தது. அதனைக் கையிலெடுத்துக்கொண்டு, நிறுத்து என்று சொல்ல ஒருவரும் இல்லை.

போர் முடிந்தபின், 1946 டிசம்பரில் நியூரெம்பர்க் நகரத்தில் அமெரிக்க ராணுவ நீதிமன்றத்தின் முன் 23 பேர் நிறுத்தப்பட்டனர். அவர்களுள் 20 பேர் மருத்துவர்கள். 1947 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 16 பேர் குற்றவாளிகள் என முடிவாயிற்று. எழுவர் 1948 ஜூன் மாதத்தில் தூக்கிலிடப்பட்டனர். தீர்ப்போடு நீதிபதிகள் பத்து விதிகளையும் எழுதிவைத்தார்கள். அவையே நியூரெம்பர்க் நெறிகள் என வழங்குகின்றன. சோதனைக்கு உட்படும் மனிதனின் தன்னிச்சையான சம்மதம் இன்றியமையாதது என்பது அவற்றுள் முதலாவது.

அந்த வழக்கில் எதிரிகளின் வழக்கறிஞர்கள் ஒரு சங்கடமான கேள்வியையும் எழுப்பினார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலச் சிறைக் கைதிகளுக்கு மலேரியா ஏற்றிச் சோதித்தீர்களே, அது மட்டும் எப்படி அறமாகும் என்று கேட்டார்கள். குற்றவாளிகளின் வாயிலிருந்து வந்தது என்பதால் அக்கேள்வியை உலகம் விரைவில் மறந்தது. நியூரெம்பர்க் நெறிகள் காட்டுமிராண்டிகளுக்காக எழுதப்பட்டவை, நல்ல மருத்துவர்களுக்கு அவை தேவையில்லை என்ற எண்ணம் அமெரிக்க மருத்துவர் பலரிடம் இருந்தது. அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைக் காட்டும் நிகழ்ச்சி அப்போதே அவர்களுடைய நாட்டில் நடந்துகொண்டிருந்தது.

அலபாமா மாநிலத்தில் மேகன் என்பது பருத்தி விளையும் ஒரு மாவட்டம். அங்கே டஸ்கேகி என்ற ஊரைச் சுற்றி வாழ்ந்த ஏழைக் கறுப்பின உழவர்களைக் கொண்டு, 1932-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. மேகநோய் கண்டவர் 399 பேர். நோயில்லாதவர் 201 பேர். மருந்து கொடாமல் விட்டால் அந்நோய் மனித உடலில் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதே நோக்கம். அவர்களிடம் அது சொல்லப்படவில்லை. உங்களுக்குக் கெட்ட இரத்தம், அதற்கு மருத்துவம் செய்கிறோம் என்று சொன்னார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைச் சிறப்பு மருத்துவம் என்று எழுதி அழைத்தார்கள். சோதனைக்கு வரும் நாளில் சாப்பாடும் வண்டியும் இலவசம். இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்க இசைந்தால் அடக்கச் செலவும் தரப்பட்டது.

1940-களின் நடுவில் பெனிசிலின் அந்நோயைக் குணமாக்கும் மருந்தாகப் பரவியது. அப்போதும் இவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. போர்க்காலத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது மருத்துவம் செய்துவிடப் போகிறார்களே என்று, இவர்களுடைய பெயர்களை ஆளெடுப்பு அலுவலகத்துக்கு எழுதி விலக்கு வாங்கினார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை என்பதுதான் வியப்பு. 1936 முதற்கொண்டு இந்த ஆராய்ச்சியின் முடிவுகள் மருத்துவ இதழ்களில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் படித்திருக்கக்கூடும். கேட்டவர் மிகச் சிலர்.

1966-ஆம் ஆண்டை இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். அவ்வாண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மயக்கமருந்துப் பேராசிரியர் ஹென்றி பீச்சர், புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெயர் பெற்ற நிறுவனங்களில் நடந்து, மதிப்புள்ள இதழ்களில் வெளியான 22 ஆராய்ச்சிகளை எடுத்துக்காட்டி, இவை அறத்துக்கு மாறானவை என்றார். நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் முதியவர்களின் உடலில், இன்னதென்று சொல்லாமல், புற்றுநோய் உயிரணுக்களை ஏற்றியது அவற்றுள் ஒன்று. தவறு அயல்நாட்டில் மட்டும் நடப்பதன்று, நம் பக்கத்து அறையிலும் நடக்கிறது என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது.

அதே 1966 பிப்ரவரியில், பொதுச் சுகாதாரத் துறையின் தலைமை மருத்துவர் ஓர் ஆணை பிறப்பித்தார். அத்துறையின் பணத்தைப் பெற்று மனிதர்மீது ஆராய்ச்சி செய்ய விரும்புவோர், தங்கள் நிறுவனத்தைச் சேர்ந்த மற்றவர்கள் அடங்கிய ஒரு குழுவிடம் முன்கூட்டியே திட்டத்தைக் காட்டி இசைவு பெற வேண்டும் என்பது அது. பிறருக்கு இவ்வாறு அறிவுரை கூறிய அந்தத் துறைதான் டஸ்கேகியில் நோயாளிகளை மருந்தில்லாமல் வைத்துக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. பீட்டர் பக்ஸ்டன் என்ற இளம் ஊழியர் அதே ஆண்டில் இதனைக் கண்டித்து மேலதிகாரிகளுக்கு எழுதினார். 1969-இல் அவர்கள் மருத்துவர் குழு ஒன்றைக் கூட்டிப் பரிசீலித்தார்கள். ஆராய்ச்சியைத் தொடரலாம் என்று முடிவாயிற்று!

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். 1931-இல் விதி இருந்தது, பார்க்க ஆளில்லை. 1969-இல் பார்க்க ஆளிருந்தார்கள்; ஆனால் அவர்கள் ஆராய்ச்சியாளரின் கண்களாலேயே பார்த்தார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு மருத்துவருக்குத் தம் முதுகு தெரியாது என்றால், அவரைப்போலவே கற்று, அவரைப்போலவே எண்ணிப் பழகிய பத்து மருத்துவர்கள் கூடினாலும் அது தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. கேள்வி வெளியிலிருந்து வர வேண்டும்.

டஸ்கேகியிலும் கேள்வி வெளியிலிருந்தே வந்தது. பக்ஸ்டன் கொடுத்த செய்தி 1972 ஜூலையில் பத்திரிகைகளில் வெளியாயிற்று. சில மாதங்களில் நாற்பது ஆண்டு ஆராய்ச்சி நின்றது. 1974-இல் அமெரிக்க அரசாங்கம் பாதிக்கப்பட்டோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஒரு கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் ஆராய்ச்சிக்கு உட்படுவோரைக் காக்கும் சட்டமும் நிறைவேறியது. பரிசீலனைக் குழு என்பது சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. 1997-இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டபோது, உயிருடன் எஞ்சியிருந்தவர் எண்மரே.

உலக மருத்துவச் சங்கமும் இதே வழியில் வந்து சேர்ந்தது. 1964-இல் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் அச்சங்கம் ஏற்றுக்கொண்ட அறிக்கையில் குழு என்ற பேச்சே இல்லை. 1975-இல் டோக்கியோவில் அதனைத் திருத்தியபோதுதான், ஆராய்ச்சித் திட்டம் சார்பற்ற ஒரு குழுவின் பார்வைக்குச் செல்ல வேண்டும் என்று சேர்த்தார்கள். 1979-இல் அமெரிக்காவில் வெளியான பெல்மாண்ட் அறிக்கை மூன்று கோட்பாடுகளை நிறுத்தியது. மனிதனை மனிதனாக மதித்தல் ஒன்று, நன்மையை மிகுத்துத் தீமையைக் குறைத்தல் இரண்டு, நீதி மூன்று. ஆராய்ச்சியின் சுமையை ஏழைகள் சுமக்க, அதன் பயனைச் செல்வர்கள் துய்க்கலாகாது என்பதே மூன்றாவதன் பொருள்.

இவ்வளவும் கேட்டபின் ஆராய்ச்சியே வேண்டாம் என்று எவரேனும் எண்ணினால் அது பெரும் பிழையாகும். அதற்குச் சான்று நம் சென்னையிலேயே உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை அதில் கூட்டாளிகள். காசநோயாளி சானடோரியத்தில் படுக்கையில் கிடந்து, நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் பெற்றால்தான் பிழைப்பான் என்று உலகம் நம்பிய காலம் அது. நாட்டில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ மிகச் சில. நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்த 193 நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள்; மறு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். இருவகையாரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. படுக்கை கிடைக்காத ஏழைக்கும் மருந்து உண்டு என்று நிலைநாட்டியது. ஏழைகளை வைத்து ஆராய்வது வேறு. ஏழைகளின் துன்பத்துக்கு விடை காண ஆராய்வது வேறு. அந்த வேறுபாட்டைக் கண்டு பிரிக்கத்தான் குழு வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் அந்தக் குழுவுக்கு அடிகோலியது இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம். நீதிபதி எச். ஆர். கன்னா தலைமையில் அமைந்த குழுவின் வழியாக 1980 பிப்ரவரியில் அது முதல் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. நீதிபதி எம். என். வெங்கடாசலையா தலைமையில் விரிவாக்கப்பட்ட நெறிகள் 2000-இல் வந்தன. இரு முறையும் தலைமை ஏற்றவர் மருத்துவர் அல்லர், நீதியரசர் என்பது கருதத்தக்கது. அந்நெறிகள் 2006-இலும் 2017-இலும் மீண்டும் திருத்தப்பட்டன. 2019 மார்ச்சில் வெளியான புதிய மருந்து விதிகள், மருந்துச் சோதனைக்கு மட்டுமின்றி மற்ற உடல்நல ஆராய்ச்சிகளுக்கும் நெறிமுறைக் குழுவின் இசைவைக் கட்டாயமாக்கி, அக்குழுக்கள் அரசாங்கத்திடம் பதிவு பெற வேண்டும் என்றும் விதித்தன.

இத்தகைய குழுவில் எழுவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவர்களுள் பாதிப்பேராவது அந்த நிறுவனத்துக்குப் புறம்பானவர்கள். தலைவரும் வெளியாள். மருத்துவரோடு சட்டம் அறிந்தவர் ஒருவர், சமூகத்தை அறிந்தவர் ஒருவர், மருத்துவமோ சட்டமோ கல்லாத சாதாரணக் குடிமகன் ஒருவர் இருந்தாக வேண்டும். பெண்களும் இடம்பெற வேண்டும். ஐவர் கூடாமல் முடிவெடுக்க முடியாது. தம் சொந்த ஆராய்ச்சி பரிசீலனைக்கு வரும்போது உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

அவர்கள் கேட்கும் கேள்விகள் எளியவை. இந்த ஆராய்ச்சிக்கு இப்போது தேவை என்ன? இதே விடையை ஆபத்துக் குறைந்த வழியில் பெற முடியாதா? ஏன் இந்தச் சேரி மக்களை, ஏன் இந்த விடுதிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தீர்கள்? சம்மதப் படிவம் நோயாளியின் தாய்மொழியில் அவருக்கு விளங்கும்படி இருக்கிறதா? எழுதப் படிக்கத் தெரியாதவர் கைந்நாட்டு வைக்கும்போது, ஆராய்ச்சியோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருப்பாரா? நடுவில் விலகிக்கொண்டால் வழக்கமான சிகிச்சை தடையின்றிக் கிடைக்குமா? ஆராய்ச்சியினால் தீங்கு நேர்ந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? முடிவில் மருந்து நல்லதென்று தெரிந்தால், அதனைச் சோதிக்க உடல் கொடுத்தவர்களுக்கு அது கிடைக்குமா?

குழு இருந்துவிட்டால் போதுமா என்றால், போதாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2009-இல் ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியை ஏறத்தாழ 24,000 சிறுமிகளுக்குப் போட்டு ஆராயும் திட்டம் ஒன்று தொடங்கியது. 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. இடையில் சில சிறுமிகள் இறந்ததற்குத் தடுப்பூசி காரணமன்று என்றே விசாரணையில் தெரிந்தது. ஆனால் வேறொன்றும் தெரிந்தது. பெற்றோர் கையொப்பமிட வேண்டிய பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையொப்பமிட்டிருந்தார்கள். காட்டோரத்து ஊர்களில் இருந்த தாய் தந்தையரிடம் எவரும் போகவில்லை. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதனைக் கடுமையாகக் கண்டித்தது. குழுவின் இசைவு காகிதத்தில் இருந்தது. அக்குழுவின் கண் ஊர்வரை சென்று பார்க்கவில்லை. மருந்து நல்லதாகவே இருக்கலாம். அதனால் கேளாமல் கொடுக்கும் உரிமை எவருக்கும் வந்துவிடாது.

நெறிமுறைக் குழுவைக் குறைகூறும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. குழுவின் இசைவுக்காகக் காத்திருக்கும் நாட்களில் நோயாளிகள் இறக்கிறார்கள் என்பார்கள். பல ஊர்களில் நடக்கும் ஒரே ஆராய்ச்சியைப் பல குழுக்கள் தனித்தனியே பார்த்துக் காலத்தைக் கடத்துகின்றன என்பார்கள். சம்மதப் படிவம் பக்கம் பக்கமாக நீண்டு, நோயாளிக்கு விளக்குவதை விட்டுவிட்டு நிறுவனத்தை வழக்கிலிருந்து காப்பதற்கே பயன்படுகிறது என்பார்கள். இக்குறைகளில் உண்மை உண்டு. ஆபத்துக் குறைந்த ஆராய்ச்சிகளை விரைந்து முடித்துக் கொடுக்கவும், பல ஊர் ஆராய்ச்சிக்கு ஒரு குழுவே பொறுப்பேற்கவும் 2017-இன் நெறிகளிலேயே வழி சொல்லப்பட்டிருக்கிறது. காவலாளி மெதுவாக நடக்கிறான் என்றால் அவனை விரைவாக நடக்கச் செய்ய வேண்டும். வாயிலைத் திறந்து போட்டுவிடலாகாது.

2024 அக்டோபரில் உலக மருத்துவச் சங்கம் மீண்டும் ஹெல்சிங்கியில் கூடித் தன் அறிக்கையைத் திருத்தியது. அறுபது ஆண்டுகளாக அதில் ஆராய்ச்சிக்கு உட்படுபவர் என்ற பொருளில் வழங்கிவந்த சொல்லை நீக்கி, பங்கேற்பவர் என்ற பொருள்தரும் சொல்லை வைத்தார்கள். சொல் மாறினால் நடத்தை மாறிவிடும் என்று நம்புவதற்கில்லை. ஆனால் பங்கேற்பவர் என்று அழைத்த பிறகு, அவருடைய பங்கு என்ன, அதை அவர் அறிவாரா என்று கேட்கும் கடமை வந்துசேர்கிறது.

நேயர்களுள் எவரேனும் ஒருநாள் மருத்துவமனையில் இத்தகைய படிவம் ஒன்றைக் கையில் வாங்க நேரலாம். அஞ்ச வேண்டியதில்லை, அவசரப்படவும் வேண்டியதில்லை. இது எனக்கான மருத்துவமா, ஆராய்ச்சியா என்று கேளுங்கள். வீட்டாரோடு கலந்து பேச நேரம் கேளுங்கள். படிவத்தின் படி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நெறிமுறைக் குழுவின் முகவரியும் அதில் இருக்கும். விளங்காததைக் கேட்பதும், விருப்பமில்லையென்றால் மறுப்பதும் உங்கள் உரிமை. விளங்கியபின் விருப்பத்தோடு இசைவீர்களானால், அது நீங்கள் முகம் அறியாத நோயாளிகளுக்குச் செய்யும் உதவி. பிரெஸ்லௌ மருத்துவமனைப் பெண்களுக்கும் டஸ்கேகி உழவர்களுக்கும் அவ்வாறு கேட்கவோ மறுக்கவோ வாய்ப்புக் கிடைக்கவில்லை.